அப்பத்தா ரூமுக்கு வீல்சேர் போகணும்: பழைய வீட்டு உள்வாசலை அகலப்படுத்துறது எப்படி?

சிவில் எடுத்த யாருக்கும் ஒரு நாள் இது நடக்கும். லீவுக்கு ஊருக்குப் போயிருப்பீங்க. பையைக் கூட இறக்கி வச்சிருக்க மாட்டீங்க. "நீ இன்ஜினியருக்குத்தான படிக்கிற? இந்த நிலையைக் கொஞ்சம் அகலமா மாத்த முடியுமான்னு பாரு"ன்னு ஒரு கேள்வி வரும். காரணம் பல வீட்ல ஒண்ணுதான். அப்பத்தாவோ தாத்தாவோ வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரியில இருந்து வீல்சேரோட வீட்டுக்கு வராங்க. பட்டாசாலை வரைக்கும் வண்டி வந்துடும். உள் அறைக்கும் பின்கட்டுக்கும் போற வாசல்ல நின்னுடும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகவும் ரெண்டு பேர் தூக்கணும். தூக்குறவங்களுக்கு முதுகுவலி, தூக்கப்படுறவங்களுக்கு அவமானம். பல பெரியவங்க தூக்கச் சொல்லக் கூச்சப்பட்டே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்குவாங்க. அதனால இதைச் சின்ன வேலைன்னு நினைச்சுடாதீங்க.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி வட்டாரத்துல இன்னும் நிறைய பழைய வீடுங்க நிக்குது. மண்சுவர் வச்ச ஓட்டு வீடு, இல்லன்னா செங்கலும் சுண்ணாம்புமா கட்டின காரை வீடு. இந்தக் கட்டுரை அந்த மாதிரி வீடுகளுக்கு மட்டும்தான். கான்கிரீட் தூண் வச்ச புது வீட்டுக்கு இது பொருந்தாது.

முதல்ல சுத்தியலை எடுக்காதீங்க, டேப்பை எடுங்க. பழைய உள்வாசல் பல வீட்ல ரெண்டேகால் அடிதான் இருக்கும், அதாவது 69 செ.மீ. சாதாரண வீல்சேரோட மொத்த அகலம் 65 செ.மீ. சுமார். கணக்குப்படி நுழையும். ஆனா சக்கரத்தை உருட்டுற கை நுழையாது, விரல் நிலையில நசுங்கும். மத்திய அரசு 2021-ல வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்ல கதவு திறந்த பிறகு கிடைக்கிற சுத்தமான இடைவெளி 900 மி.மீ. இருக்கணும்னு இருக்கு. அதோட வண்டி வாசலுக்கு நேரா வருதா, நடையில இருந்து திரும்பி நுழையுதான்னும் பாருங்க. ஒரே இடத்துல முழுசா திரும்ப வீல்சேருக்கு ஒன்றரை மீட்டர் வட்டம் வேணும். குறுகலான நடையில இருந்து திரும்பி நுழையுற வாசல்னா 90 செ.மீ. கூட இறுக்கமாத்தான் இருக்கும்.

அடுத்து கதவைப் பாருங்க. பழைய ரெட்டைக் கதவு குடுமியில சுத்துறது. சுவரு தடிமனா இருக்கிறதால கதவு 90 டிகிரிக்கு மேல திறக்காது. திறந்து வச்ச ரெண்டு பலகையுமே மூணு அங்குலம் வரைக்கும் தின்னுடும். குடுமியில இருந்து தூக்கி எடுத்துட்டு ஒரு திரை போட்டா அந்த மூணு அங்குலம் சும்மாவே கிடைக்குது. இன்னொரு எதிரி கீழே இருக்கு, அது வாசப்படி. மூணு நாலு அங்குல உயரத்துக்குக் குறுக்கே கிடக்கிற அந்தக் கட்டை பல வீட்ல அகலத்தை விடப் பெரிய தடை. சாய்தளம் 1:12 சரிவுல வரணும், அப்ப 10 செ.மீ. படிக்கு ரெண்டு பக்கமும் 1.2 மீட்டர் சாய்வு வேணும். படியை அறுத்துடலாம்னு நீங்க சொல்லலாம். "வாசப்படியை அறுக்கிறதா?"ன்னு வீட்டுல ஒரு குரல் வரும். அதைச் சமாளிக்கிறது உங்க சாமர்த்தியம். இந்த ரெண்டுலயே வேலை முடிஞ்சுட்டா சந்தோஷம், மேல படிக்காமலே போகலாம்.

முடியலைன்னா சுவரைத் தொட்டுத்தான் ஆகணும்.

மரம் எங்க இருக்கு, சுவர் எங்க இருக்கு?

வாசல் அகலப்படுத்துறதைப் பத்தி யூடியூபில தேடினா வந்து விழுறது பெரும்பாலும் அமெரிக்கா, கனடா வீடுங்க. அங்க வீட்டோட எலும்புக்கூடே மரம். 16 அங்குலத்துக்கு ஒண்ணா ஒல்லியான சட்டம் நிக்கும், ரெண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு. போர்டைக் கழட்டி, இடைஞ்சலா இருக்கிற சட்டத்தை அறுத்து, மேல ஒரு குறுக்குச் சட்டம், அதுக்கு ரெண்டு கால், திரும்ப மூடிட்டா ஒரு சனி ஞாயிறுல முடிஞ்சுடும். நம்ம நாட்டுலயும் மரக்கூடு வச்ச வீடு இல்லாம இல்ல. காஷ்மீர்ல தஜ்ஜி தீவாரின்னு மரச்சட்டங்களுக்கு நடுவுல கல்லும் செங்கலும் மண்ணும் அடைச்சுக் கட்டுவாங்க.

நம்ம கரிசக்காட்டு வீடு அப்படி இல்ல. இங்க மரம் படுத்திருக்கும், சுவர் நிக்கும். பனங்கையும் உத்திரமும் கூரையைத் தாங்குது, அந்த மரத்தைச் சுவர் தாங்குது. முற்றம் வச்ச பெரிய வீட்ல முற்றத்தைச் சுத்தி மட்டும் தூண், போதிகை, உத்திரம்னு ஒரு மரக்கூடு இருக்கும். அந்தப் பக்கம் சுமை தூண் வழியா இறங்கிடும். மத்த இடத்துல சுவரு வெறும் தடுப்பு இல்ல, அதுதான் தூண். அதனால முதல் கேள்வி, இந்த வாசல் இருக்கிற சுவர் மேல மரம் உட்கார்ந்திருக்கா?

கண்டுபிடிக்கிறது சுலபம். அண்ணாந்து பாருங்க. காரை வீட்ல கட்டைங்க எந்தத் திசையில ஓடுதுன்னு தெரியும். கட்டை உங்க சுவரைக் குத்துற மாதிரி வந்தா அந்தச் சுவர் சுமக்குது. சுவருக்கு இணையா ஓடினா பெரும்பாலும் தன் எடையை மட்டும்தான் சுமக்குது. ரெண்டு பக்க ரூமுலயும் பாருங்க, ஒரு ரூமுல இணையாவும் அடுத்த ரூமுல குத்தியும் இருக்கலாம். ஓட்டு வீடுன்னா முகட்டு உத்திரம் எங்க உட்காருதுன்னு தேடுங்க. நடுச்சுவர் முகடு வரைக்கும் எழும்பி, உத்திரத்தோட முனை வாசலுக்கு நேர் மேல உட்கார்ந்திருந்தா, மொத்தச் சுமையும் ஒரே புள்ளியில இறங்குதுன்னு அர்த்தம். அந்த வாசலை விட்டுட்டு வேற வாசலைப் பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

நிலைதான் லிண்டல்

இதுதான் நம்ம பாடப்புத்தகத்துல கிடைக்காத விஷயம். இப்ப நாம சுவரைக் கட்டி, லிண்டல் போட்டு, அப்புறம் நிலையைக் கொண்டுவந்து மாட்டுறோம். பழைய வழக்கத்துல நிலைதான் முதல்ல நிக்கும். நல்ல நாள் பாத்து, மஞ்சள் துணியில நவதானியம் முடிஞ்சு கட்டி நிலையை நிறுத்துவாங்க. சுவர் அதைச் சுத்தி எழும்பும். நிலையோட மேல்சட்டமும் கீழ்ப்படியும் ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு சுவருக்குள்ள போயிருக்கும். மேல்சட்டத்துக்கு மேல சில வீட்ல ரெண்டு மூணு பனங்கட்டை தனியாப் போட்டிருப்பாங்க, சில வீட்ல கல் பலகை. சில வீட்ல ஒண்ணுமே இருக்காது. நிலையோட மேல்சட்டமே லிண்டல்.

இதுக்கு என்ன அர்த்தம்னா, "நிலையை மட்டும் பேத்து எடுத்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்"னு கொத்தனார் சொன்னா, லிண்டலை உருவிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றார்னு அர்த்தம். நிலை வெளியே வந்த உடனே மேல உள்ளது விழணும்னு இல்ல. பத்து நிமிஷம் நிக்கும், அரை நாள் கூட நிக்கும். செங்கலுங்க ஒண்ணோட ஒண்ணு சாய்ஞ்சு வளைவு மாதிரி பிடிச்சுக்கும். அந்த நேரத்துலதான் எல்லாரும் வாசலுக்குக் கீழ நின்னு பேசிக்கிட்டு இருப்பாங்க.

மேல என்ன இருக்குன்னு தெரிய வாசலுக்கு மேல ஒரு அடி உயரத்துக்குப் பூச்சை மட்டும் உளியால சுரண்டிப் பாருங்க. பனங்கட்டை இருந்தா சுத்தியலால தட்டுங்க. கெட்டியான சத்தம் வந்தா சரி. பனையில வெளிப்பக்கம்தான் வைரம் பாய்ஞ்சது, நடு மென்மையா நார் நாரா இருக்கும். கரையான் அந்த நடுவைத் தின்னுட்டு வெளி ஓட்டை அப்படியே விட்டுடும். பெயிண்டும் பூச்சும் அழகா இருக்கும், ஸ்க்ரூடிரைவரால குத்தினா உள்ள போயிடும்.

கணக்கைப் போட்டுப் பாப்போம்

காரை மாடிக்கு நம்ம துறையில மெட்ராஸ் டெரஸ்னு பேரு. கட்டைங்க மேல சின்ன மெல்லிய செங்கலைக் குத்துக்கல்லா, மூலைவாட்டமா சுண்ணாம்புச் சாந்துல அடுக்கி, அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால தட்டி, கடைசியா தட்டோடு பதிப்பாங்க. இதுக்குன்னே ஐ.எஸ். 2119 இருக்கு. எடையை அடுக்கு அடுக்காப் பாருங்க. 7.5 செ.மீ. செங்கல், 10 செ.மீ. ஜல்லிக்காரை, 5 செ.மீ. தட்டோடும் சாந்தும். கூட்டினா சதுர மீட்டருக்கு 420 கிலோ சுமார் வருது. மங்களூர் ஓட்டுக் கூரை இதுல கால்வாசி கூட வராது. மாடியில ஆள் நடமாட்டத்துக்கு 150 கிலோ சேர்த்தா 570.

ஒரு வீட்டை வச்சுக்குவோம். வாசலுக்கு ரெண்டு பக்கமும் 3 மீட்டர் ரூம். ரெண்டு ரூம் கட்டையும் இந்தச் சுவர் மேல உட்காருது. அப்ப ரெண்டு ரூமுலயும் பாதிப் பாதி, மொத்தம் 3 மீட்டர் அகலத்துக் கூரை இந்தச் சுவருக்கு. சுவர் ஒன்றரைக்கல், 35 செ.மீ. உயரம் 3.2 மீட்டர். 90 செ.மீ. சுத்தமா வேணும்னா நிலையெல்லாம் சேர்த்துச் சுவர்ல 1.1 மீட்டர் திறப்பு வேணும். லிண்டல் உட்காருறதையும் சேர்த்து ஸ்பேன் 1.25 மீட்டர். வாசல் தலை 1.9 மீட்டர்ல இருந்தா மேல மிச்சம் 1.3 மீட்டர் சுவர்.

மூணாவது வருஷம் படிச்ச முக்கோணம் ஞாபகம் இருக்கா? லிண்டல் மேல சமபக்க முக்கோண அளவுச் செங்கல் மட்டும்தான் அழுத்தும், மத்தது வளைவு மாதிரி ரெண்டு பக்கமும் ஒதுங்கிடும். 1.25 மீட்டருக்கு முக்கோணத்தோட உயரம் 1.08 மீட்டர். எடை கணக்குப் போட்டா 450 கிலோ. அடடா, இவ்வளவுதானான்னு தோணும்.

அந்த முக்கோணத்துக்கு நிபந்தனை இருக்கு, அதைத்தான் பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுறோம். உச்சிக்கு மேல இன்னும் கால் பங்கு உயரம் சுவர் இருக்கணும், அதாவது லிண்டலுக்கு மேல 1.35 மீட்டர். நம்ம கிட்ட 1.3 தான் இருக்கு. அதோட ரெண்டு பக்கமும் வளைவோட உதைப்பைத் தாங்குற அளவுக்குச் சுவர் நீளம் வேணும். நம்ம உள்வாசல் பாதி, அறையோட மூலையை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பக்கம் முழுச்சுவர், மறுபக்கம் ஒரு சாண். சாந்து மண்சாந்தா இருந்தா வளைவுங்கிற பேச்சுக்கே நம்பிக்கை கம்மி. அப்ப முழுச் சுமையையும் எடுத்துக்கணும். கூரை 1.25 மீட்டருக்கு 2,140 கிலோ, மேல உள்ள சுவர் 1,080 கிலோ. மொத்தம் 3,220.

அதே வாசல்தான். ஒரு கணக்குல அரை டன்னுக்கும் கீழ, இன்னொரு கணக்குல மூணு டன்னுக்கு மேல. ஏழு மடங்கு வித்தியாசம். இது தெரியாமத்தான் "பக்கத்து வீட்ல இப்படித்தான் பண்ணாங்க, ஒண்ணும் ஆகலையே"ங்கிற பேச்சு வருது. பக்கத்து வீடு ஓட்டு வீடா, வாசல் நடுச்சுவர்லயா, சுவருக்கு எந்தச் சாந்துன்னு யாரும் கேக்குறதில்ல.

இன்னும் ஒரு படி. 3,220 கிலோ ரெண்டு ஓரத்துக்கும் பிரிஞ்சா ஒரு பக்கம் 1,610 கிலோ. லிண்டலை 20 செ.மீ. மட்டும் சுவருக்குள்ள விட்டா, 20-ஐ 35-ஆல் பெருக்க 700 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 2.3 கிலோ. பலம் குறைஞ்ச செங்கல், சுண்ணாம்புச் சாந்துக்கு ஐ.எஸ். 1905 அனுமதிக்கிற அடிப்படை அழுத்தம் சதுர மி.மீ.க்கு 0.25 நியூட்டன், அதாவது 2.5 கிலோ சுமார். வரப்புல நடக்குற மாதிரி இருக்கு. 30 செ.மீ. உள்ள விட்டா 1.5-க்கு இறங்கிடும். லிண்டல் உடையுறதை விட லிண்டல் உட்கார்ந்த இடம் நொறுங்குறதுதான் பழைய சுவர்ல பயம். அதனால லிண்டலுக்கு எத்தனை கம்பின்னு சண்டை போடுறதை விட எவ்வளவு நீளம் உட்காருதுன்னு சண்டை போடுங்க. வாசல் ஓரத்துல ஒரு சாண் சுவர்தான் மிச்சம் இருக்குன்னா, அந்தப் பக்கம் தொடாம மறுபக்கமா மட்டும் அகலப்படுத்தணும்.

கரிசல் மண்ணு சொல்றதையும் கேக்கணும்

வாசலுக்கு மேல மூலையில இருந்து படிப்படியா ஏறுற வெடிப்பு இருக்கான்னு பாருங்க. இந்த வட்டாரத்துல இல்லாத வீடு கம்மி. கரிசல் மண்ணு மழைக்கு உப்பும், கோடைக்கு வாயைப் பிளக்கும். பழைய வீட்டு அஸ்திவாரம் ஆழம் கம்மி, அதனால மண்ணோட சேர்ந்து வீடும் ஏறி இறங்கும். வெடிப்பு மேல பென்சிலால குறுக்கே ஒரு கோடு போட்டு, அகலத்தையும் தேதியையும் எழுதி வைங்க. சித்திரையில ஒரு அளவு, கார்த்திகையில ஒரு அளவு. நல்லா மாறுச்சுன்னா வீடு இன்னும் அசையுது. அந்த வீட்ல வாசலைப் பெருசாக்கினா, முன்னாடி சுவர் முழுக்கப் பரவி இறங்கின சுமை ரெண்டு ஓரத்துல குவிஞ்சு, அசையுற மண்ணு மேலயே உட்காரும்.

வேலையை எப்ப வைக்கிறதுங்கிறதுக்கும் இதுதான் பதில். இங்க மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்துலதான். ஐப்பசி, கார்த்திகையில ஈரம் ஏறின மண்சுவரைத் தொடக் கூடாது. நனைஞ்ச மண்சாந்து வெறும் சேறு. தை பொங்கல் முடிஞ்சு, சுவர் காஞ்ச பிறகு வைங்க.

இன்னொண்ணு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச வீட்ல, உங்க உள்சுவரு இன்னிக்குச் சித்தப்பா வீட்டுப் பொதுச்சுவரா மாறியிருக்கும். அந்தப் பக்கம் அவர் கட்டையும் உட்கார்ந்திருக்கும். முட்டு அவர் வீட்டுக்குள்ளயும் கொடுக்கணும். பேசிட்டு ஆரம்பிங்க.

வேலை நடக்குற விதம்

மேல கட்டை உட்கார்ந்த சுவர்னா முதல்ல ரெண்டு ரூமுலயும் முட்டு. சுவர்ல இருந்து ரெண்டரை மூணு அடி தள்ளி, கட்டைகளுக்குக் குறுக்கா அடியில ஒரு கனமான சட்டம், அதுக்குக் கீழ இரும்பு ஜாக்கி. ஜாக்கிக்கு அடியில பலகை கட்டாயம். பழைய சுண்ணாம்புத் தரையில ஜாக்கி காலை நேரா வச்சா தரை குழிஞ்சு முட்டு தளர்ந்துடும். ஜாக்கியைக் கட்டையில தொடுற வரைக்கும் திருகி, இன்னும் கால் சுத்து. அதுக்கு மேல வேணாம். முட்டு தாங்குறதுக்குத்தான், தூக்குறதுக்கு இல்ல. ஆர்வத்துல தூக்கிட்டீங்கன்னா மாடிக்காரை வெடிச்சு அடுத்த மழைக்கு ஒழுகும்.

லிண்டலுக்கு எனக்குப் பிடிச்ச வழி சி சேனல். நம்ம கணக்குக்கு 100 மி.மீ. சேனல் ரெண்டு தாராளம். பழைய நிலையை இன்னும் தொடக்கூடாது. அதுக்கு மேல சுவரோட ஒரு பக்கத்துல மட்டும் காடி வெட்டி, முதல் சேனலைச் சொருகி, ரெண்டு முனையையும் கெட்டியான சிமெண்ட் படுக்கை மேல உட்கார வச்சு, சேனலுக்கும் மேல் செங்கலுக்கும் நடுவுல ஈரம் கம்மியான சாந்தை இடிச்சு இடிச்சு அடைக்கணும். அது இறுகின பிறகு மறுபக்கம் ரெண்டாவது சேனல். அப்புறம் ரெண்டையும் போல்ட் போட்டு இணைச்சு, நடுவுல உள்ள செங்கல் உதிராம இருக்க அடியில தகடு. எந்த நேரத்துலயும் சுவரோட பாதித் தடிமனாவது சுமையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். இது முடிஞ்ச பிறகுதான் கீழ உள்ள சுவரையும் பழைய நிலையையும் எடுக்கணும். கான்கிரீட் லிண்டலும் போடலாம், செலவு கம்மி. ஆனா ஐ.எஸ். 456 படி 14 நாள் முட்டு நிக்கணும். வீட்டுக்குள்ள படுத்திருக்கிற ஆளை வச்சுக்கிட்டு ரெண்டு வாரம் ஜாக்கிக்காட்டுல குடித்தனம் பண்றது லேசு இல்ல.

காடி வெட்டுறப்ப ஒண்ணு கவனிங்க. ஒன்றரை அடி தடிமன் மண்சுவர்ல சிலது வெளியே ரெண்டு வரிசை கெட்டியா வச்சு, நடுவுல உடைஞ்ச கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினது. ஒரு பக்கம் திறந்தா உள்ளது பொலபொலன்னு கொட்டும். கொட்ட ஆரம்பிச்சா நிறுத்திட்டு, அடைச்சுட்டு, அனுபவமான ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. இந்தக் கட்டுரை அதுக்கு மேல உங்களுக்கு உதவாது.

உடைக்கிறதுக்கு டிமாலிஷன் மெஷின் வேணாம். அந்த அதிர்வுல மண்சாந்து சுவர் முழுக்க உதிரும், உடைக்கிற இடம் மட்டும் இல்ல. கட்டிங் மெஷினால பூச்சுல ஒரு நேர்கோடு அறுத்துட்டு, உளியும் சுத்தியலுமா மேல இருந்து கீழ ஒவ்வொரு செங்கலா எடுக்கணும். கொத்தனார் நேரம் ஆகுதுன்னு முணுமுணுப்பார், ரெண்டு டீ கூடுதலா வாங்கிக் கொடுங்க. உடைச்ச ஓரத்தைப் பழைய செங்கல்லயே பூசிச் சரி பண்றப்ப, சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு கலந்த சாந்துதான் ஒத்துப்போகும். சுத்த சிமெண்ட் பூச்சு கெட்டியா ஓடு மாதிரி நின்னுடும், பின்னாடி உள்ள சுவர் அசையுறப்ப தனியாக் கழண்டு வரும்.

முட்டை ஒரே நாள்ல உருவாதீங்க. ஜாக்கியை முதல் நாள் அரைச் சுத்து, மறுநாள் அரைச் சுத்துன்னு தளர்த்துங்க. ஒவ்வொரு தடவையும் வாசலோட மேல் ரெண்டு மூலையையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. மயிரிழை வெடிப்பு ஒண்ணு ரெண்டு வரும், புது லிண்டல் சுமையை வாங்கிக்கிறப்ப கொஞ்சம் தாழும். அது மேலயும் பென்சில் கோடும் தேதியும் போட்டு வச்சு, அடுத்த கார்த்திகை மழை முடிஞ்சதும் அளந்து பாருங்க. பழைய நிலை வேம்போ தேக்கோ கரையான் அரிக்காம இருந்தா விறகுக்குப் போட்டுடாதீங்க. ரெண்டு காலும் அப்படியே புது நிலைக்கு ஆகும். மேல்சட்டம் மட்டும் புதுசா நீளமா செய்யச் சொல்லி ஆசாரிகிட்ட கேளுங்க, செலவு நல்லாவே குறையும்.